எல்லை நம் கடை மேசைக்கு வந்துவிட்டது

(காஞ்சிபுரத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காஞ்சிபுரம் துறைமுக ஊர் அல்ல. எந்த நாட்டின் எல்லையும் நமக்குப் பக்கத்தில் இல்லை. தறியும் பட்டும் கோயிலுமாக இருக்கிற இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எல்லைப் பாதுகாப்பு விதிகளைப் பற்றி எதற்காகப் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான்.

என் பதில் இதுதான். எல்லை இப்போது எல்லையில் மட்டும் இல்லை. பேருந்து நிலையத்துக்கு அருகே டிராவல்ஸ் வைத்திருக்கும் தம்பியின் மேசையில் இருக்கிறது. லாட்ஜ் மேலாளரின் பதிவேட்டில் இருக்கிறது. உம்ராவுக்கு ஆள் சேர்க்கிறவரின் கைப்பையில் இருக்கிறது. அதை அறியாமல் தொழில் செய்கிறவர் ஒருநாள் விழித்துப் பார்க்கும்போது, தன் முதலும் போய், பிறர் பணமும் போய், பெயரும் போய் நிற்கிறார். ஆகவேதான் இதை ஒரு மார்க்க மேடையில் பேசுகிறேன்.

பயணத் தொழில் என்றால் டிக்கெட் போடுவது மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். பாஸ்போர்ட் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர், ஹஜ், உம்ராவுக்கு அழைத்துச் செல்பவர், லாட்ஜ் நடத்துபவர், வாடகை கார் ஓட்டுபவர், வெளிநாட்டுப் பயணிகளை நம்பிக் காந்தி ரோட்டில் கடை திறந்து வைத்திருக்கும் பட்டு வணிகர் வரை எல்லோரும் இந்தச் சங்கிலியின் கண்ணிகள். எங்கோ ஓரிடத்தில் சங்கிலியை இழுத்தால் இங்கே நம் கண்ணி அதிர்கிறது.

ஒற்றைப் பெயரும் ஒரு சுற்றறிக்கையும்

நம் தமிழ்நாட்டில் ஒரு மனிதருக்கு ஒரு பெயர்தான். முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்து. முஸ்லிமானாலும் இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் பெரும்பாலும் இதுதான் வழக்கம். ஆனால் பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று பெயருக்கு, மற்றொன்று குடும்பப் பெயருக்கு. முதலெழுத்தை விரித்து எழுதாத பலர் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டார்கள். பல ஆண்டுகள் அதனால் பெரிய தொல்லை ஏதும் வரவில்லை.

2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவிலோ விசிட் விசாவிலோ வந்தால் உள்ளே விடமாட்டோம் என்றது. விமான நிறுவனங்கள் உடனே முகவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பின. சில நாட்களில், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்ளப்படும் என்று விளக்கமும் வந்தது.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். ஒரு வரி விதி. அதைப் போட்டவர்களுக்கு நம் ஊரில் பெயர் வைக்கும் முறை தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அந்த வாரம் பயணம் வைத்திருந்த தமிழர் என்ன செய்வார்? அமீரகத்து அதிகாரியிடம் போய்க் கேட்பாரா? டிக்கெட் போட்டுக் கொடுத்த கடைக்காரரிடம்தான் வந்து கேட்பார். சுற்றறிக்கையைப் படித்திருந்த முகவர் பயணியை முன்னதாகவே எச்சரித்துத் தேதியை மாற்றியிருப்பார். படிக்காதவர் பயணியை விமான நிலையம் வரை அனுப்பிவிட்டுத் தலையில் கை வைத்திருப்பார். இருவருக்கும் மூலதனம் ஒன்றுதான், கடையும் ஒன்றுதான். படித்ததும் படிக்காததும்தான் வித்தியாசம்.

காவல் வேலை யாருக்கு வந்தது?

முன்பெல்லாம் ஒரு நாட்டுக்குள் வருபவரைச் சோதிப்பது அந்த நாட்டு அதிகாரியின் வேலை. இப்போது உலகம் முழுவதும் அந்த வேலையைத் தனியாரிடமும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். நம் இந்தியாவிலேயே 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. உரிய ஆவணம் இல்லாத பயணியை இந்தியாவுக்கு ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் 1 லட்சம் ரூபாய் அபராதம் என்றது அந்தச் சட்டம். 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் அந்தச் சட்டத்தையும், 1920, 1939, 1946-ஆம் ஆண்டுகளின் மூன்று பழைய சட்டங்களையும் நீக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரே சட்டமாக ஆக்கியது. 2025 செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. விமான நிறுவனத்தின் மீதான அபராதம் 5 லட்சம் வரை உயர்ந்தது.

அபராதம் விமான நிறுவனத்துக்குத்தானே, நமக்கென்ன என்று கேட்காதீர்கள். அபராதத்துக்கு அஞ்சும் நிறுவனம் என்ன செய்யும்? கவுண்ட்டரில் இருக்கும் ஊழியரை அதிகாரியாக மாற்றிவிடும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதம் இருக்கிறதா, திரும்பி வர டிக்கெட் இருக்கிறதா, தங்குமிடத்துக்குப் பதிவு இருக்கிறதா என்று அவர் கேட்பார். சிறிது சந்தேகம் வந்தாலும் ஏற்றமாட்டார். ஏற்றினால் அபராதம், ஏற்றாவிட்டால் பயணிக்கு மட்டும்தான் நட்டம். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

2022 ஆகஸ்டில் சுங்கத் துறை மற்றொரு விதியைக் கொண்டுவந்தது. வெளிநாடு செல்லும், வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பயணியின் முன்பதிவு விவரத்தையும் விமான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்னதாக அளிக்க வேண்டும். பெயர், தொலைபேசி எண், பணம் செலுத்திய முறை, கூடவே டிக்கெட் போட்ட முகவர் யார் என்பதும் அந்த விவரத்தில் அடங்கும். புரிகிறதா தம்பிமார்களே? நீங்கள் போடும் ஒவ்வொரு டிக்கெட்டோடும் உங்கள் கடைப் பெயரும் பயணம் செய்கிறது. நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு இதில் அச்சம் இல்லை. முகம் தெரியாத ஒருவர் சொன்னார் என்பதற்காக, யாரென்று விசாரிக்காமல் டிக்கெட் போடுபவர் மட்டும் இனி யோசித்துக்கொள்ளட்டும்.

லாட்ஜ் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ‘சி’ படிவத்தில் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பழைய விதி. அந்தக் கடமை புதிய சட்டத்திலும் தொடர்கிறது. பெரிய ஓட்டலுக்குத்தான் இது என்று நினைப்பது தவறு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது முதல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் கொரியர்களும் ஜப்பானியர்களும் வேலைக்காக வந்து தங்குகிறார்கள். அவர்களுக்காக வீட்டையே விருந்தினர் விடுதியாக மாற்றி வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாடகை வாங்குகிறவர் பதிவும் செய்ய வேண்டும். வந்தவர் நல்லவர்தானே என்பது அதற்குப் பதிலாகாது. நல்லவருக்கும் படிவம் உண்டு.

குற்றவாளி ஒருவன், தண்டனை ஊருக்கு

2008 நவம்பரில் மும்பையில் நடந்த கொடிய தாக்குதலை நாம் மறக்கவில்லை. அப்பாவிகளைக் கொன்றவர்களுக்காக எந்த முஸ்லிமும் பரிந்து பேசமாட்டான். அந்தச் சதிக்கு வேவு பார்த்த டேவிட் ஹெட்லி என்ற அமெரிக்கர் இந்தியாவுக்குப் பலமுறை வந்து போயிருந்தார் என்பது 2009-ல் வெளியானது. உடனே அரசு ஒரு விதி போட்டது. சுற்றுலா விசாவில் வந்த வெளிநாட்டவர் நாட்டைவிட்டு வெளியேறினால் மீண்டும் உள்ளே வர இரண்டு மாத இடைவெளி வேண்டும் என்றது.

நாட்டைக் காக்க அரசுக்கு உரிமை உண்டு. அதில் மாறுபாடு இல்லை. ஆனால் அந்த விதி யாரைத் தொட்டது? சென்னையில் இறங்கி, மாமல்லபுரமும் காஞ்சியும் பார்த்து, இலங்கைக்குப் போய்விட்டு, மீண்டும் சென்னை வழியாகவே ஊர் திரும்ப நினைத்த வயதான ஐரோப்பியத் தம்பதியரைத் தொட்டது. நேபாளத்தையும் இந்தியாவையும் ஒரே பயணத்தில் பார்க்க வந்தவர்களைத் தொட்டது. திட்டம் போட்ட பயண நிறுவனம் தவித்தது. பயணத் திட்டத்தைக் காட்டினால் விலக்கு என்று பிறகு தளர்த்தினார்கள். கடைசியில் 2012 டிசம்பரில், குறிப்பிட்ட சில நாட்டினர் தவிர மற்றவர்களுக்கு அந்த விதி நீக்கப்பட்டது. மூன்றாண்டு காலம்! நாடு பார்க்க வந்தவர்கள் கொழும்பில் நின்று கையைப் பிசைய வைத்த விதி அது. அவர்கள் வராத அளவுக்குக் கோயில் வாசலில் காத்திருக்கும் ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் கடைக்காரருக்கும் வருமானம் குறையும். வெளிநாட்டுப் பெண்மணி ஒரு சேலையை விரித்துப் பார்ப்பதற்கும் தில்லியில் போடப்படும் ஒரு கையெழுத்துக்கும் இருக்கிற தொடர்பு இதுதான்.

பிறகு 2020 வந்தது. பிப்ரவரி 27-ஆம் தேதி சவூதி அரசு வெளிநாட்டு உம்ரா பயணிகளின் வருகையை நிறுத்தியது. மார்ச்சில் இந்தியாவும் ஏறக்குறைய எல்லா விசாக்களையும் நிறுத்தி வைத்தது. நோயின் காரணமாக எடுத்த முடிவு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்நாளில் நாம் கண்டது என்ன? பயணியிடம் வாங்கிய பணத்தைத் தனியே வைத்திருந்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்கினார்கள். வாங்கிய பணத்தை வேறு தொழிலில் போட்டவர்கள் ஒளிந்து திரிந்தார்கள். எல்லை ஒரே இரவில் மூடப்படலாம் என்பதை மறந்துவிட்டுப் பயணத் தொழில் செய்வது, மழைக்காலத்தில் பாவை முற்றத்தில் காயவைத்துவிட்டுச் சந்தைக்குப் போவதைப் போன்றது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

புனிதப் பயணத்தில் குறுக்கு வழியா?

இனி நெஞ்சைப் பிசையும் செய்திக்கு வருகிறேன். 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜில் கடும் வெப்பம். மக்காவில் வெயில் 51 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் இறந்தார்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் ஹஜ் அனுமதி பெறாதவர்கள் என்றும் சொன்னது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அனுமதி இல்லாமல் எப்படிப் போனார்கள்? அவர்களில் பலர் விசிட் விசாவில் அனுப்பப்பட்டவர்கள். அனுமதி பெற்ற ஹாஜிக்குக் கூடாரம் இருந்தது, குளிர்சாதனம் இருந்தது, பேருந்து இருந்தது. இவர்களுக்கு ஒன்றும் இல்லை. சோதனைச் சாவடிக்குப் பயந்து கொதிக்கும் தார்ச்சாலையில் நடந்தார்கள். எகிப்து அரசு 16 பயண நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்து, அவற்றின் பொறுப்பாளர்கள் மீது வழக்குத் தொடர உத்தரவிட்டது. உரிமம் போனது பெரிதல்ல. ‘அங்கே போனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று ஒரு முகவர் சொன்ன ஒரு வாக்கியம் ஒரு முதியவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. இதற்கு மறுமையில் என்ன பதில் சொல்வார்?

நம் நாட்டுச் செய்தி வேறு வகையானது. 2025 ஹஜ்ஜுக்கு இந்தியாவுக்கு 1,75,025 இடங்கள். அதில் 1,22,518 ஹஜ் கமிட்டிக்கு. மீதி 52,507 தனியார் நிறுவனங்களுக்கு. எண்ணூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை 26 கூட்டுக் குழுக்களாக அரசு இணைத்திருந்தது. மினாவில் கூடாரம், தங்குமிடம், போக்குவரத்து எல்லாவற்றுக்கும் சவூதியின் இணையத் தளம் வழியாகக் குறித்த நாளுக்குள் பணம் கட்டி ஒப்பந்தம் முடிக்க வேண்டும். நாள் கடந்தது. தளம் மூடப்பட்டது. தனியார் இடங்களில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மத்திய அரசு பேச்சு நடத்தியதில் 10,000 பேருக்கு மட்டும் மீண்டும் தளம் திறக்கப்பட்டது. மீதி சுமார் 42,000 பேரின் கனவு அந்த ஆண்டு கலைந்தது.

யார் குற்றம்? நினைவூட்டியும் கூட்டுக் குழுக்கள் கெடுவுக்குள் முடிக்கவில்லை என்றது அமைச்சகம். நிறுவனத்தார் தம் தரப்பு நியாயத்தைச் சொன்னார்கள். அந்த வழக்கை இங்கே தீர்க்க நான் வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பணம் கொடுத்த மூதாட்டிக்கு 26 கூட்டுக் குழுவும் தெரியாது, இணையத் தளமும் தெரியாது. தெருவில் தினமும் பார்க்கும் ஒரு முகத்தை நம்பித்தான் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தார். சென்னை நிறுவனத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த உள்ளூர்க்காரர்தான் அவருக்கு ஹஜ் நிறுவனம். உள்ளூர்க்காரருக்கோ தன் கையில் இருந்த பணம் மேலே யாரிடம் போனது, எந்தத் தேதியில் போனது என்று கேட்கும் வழக்கமே இல்லை. கேட்காதது மரியாதை என்று நினைத்தார்கள். அது மரியாதை அல்ல சகோதரர்களே, கவனக்குறைவு.

வேலை என்று சொல்லி வலையில்

இளைஞர்களே! இது உங்களுக்கு. தாய்லாந்தில் கணினி வேலை, கை நிறையச் சம்பளம் என்று சொல்லி நம் பிள்ளைகளைச் சுற்றுலா விசாவில் அழைத்துப் போனார்கள். பாங்காக்கில் இறக்கி, காரில் ஏற்றி, ஆற்றைக் கடத்தி, மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் ஒப்படைத்தார்கள். மறுத்தவர்களுக்கு அடி, மின்சார அதிர்ச்சி. 2022 அக்டோபரில் 13 தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தபோது அமைச்சர் செஞ்சி மஸ்தான் விமான நிலையத்தில் வரவேற்றார். அதற்குப் பின்னும் அந்த வலையில் விழுந்தவர்கள் உண்டு.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, மத்திய அரசிடம் பதிவுச் சான்று பெற்றவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே வாங்கலாம். டிராவல்ஸ் போர்டு வைத்திருப்பது ஆள் எடுக்கும் உரிமம் ஆகாது. பத்தாம் வகுப்பு முடிக்காத தொழிலாளி வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். இந்த அனுமதியைத் தவிர்க்கத்தான் ‘முதலில் விசிட் விசாவில் போ, பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறார்கள். அந்த அனுமதியைத் தடை என்று எண்ணாதீர்கள். அங்கே சம்பளம் கிடைக்காவிட்டால், விபத்து நேர்ந்தால், உங்கள் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கிறது என்பதற்கான சாட்சி அது. தவிர்த்துவிட்டுப் போனவருக்குச் சாட்சி இல்லை.

புதிய சட்டத்தில் மற்றொன்றும் இருக்கிறது. போலி பாஸ்போர்ட்டையோ போலி விசாவையோ தெரிந்தே பயன்படுத்துபவருக்கு மட்டுமின்றி, அதைக் கொடுத்து உதவுபவருக்கும் 2 முதல் 7 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நண்பனுக்காகச் செய்தேன், கமிஷன்கூட வாங்கவில்லை என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது.

மார்க்கம் இதை அறியும்

விசாவும் பாஸ்போர்ட்டும் நவீன காலத்துச் சங்கதி, மார்க்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஃபிக்ஹு நூல்களில் ‘அமான்’ என்றொரு பாடமே இருக்கிறது. ஒரு நாட்டுக்குள் பாதுகாப்பு உறுதி பெற்று நுழைகிறவர், அந்த உறுதியின் நிபந்தனைகளை மீறக் கூடாது என்று இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். விசா என்பது அந்த அமானின் இன்றைய வடிவம். சுற்றிப் பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்து நுழைந்து வேறொன்றைச் செய்வது ஒப்பந்தத்தை முறிப்பது. ஹஜ் கடமையாவதற்குரிய நிபந்தனைகளில் வழியின் பாதுகாப்பையும் இமாம்கள் சேர்த்திருக்கிறார்கள். வழி திறக்காதபோது போகாதவர் மீது குற்றம் இல்லை. அப்படியிருக்க, குற்றம் இல்லாதவரைக் குற்றத்தில் இழுத்துவிட முகவருக்கு என்ன உரிமை?

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? சூரத்துல் பகராவின் 282-ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதும் சாட்சி வைப்பதும் பற்றியது அது. இவ்வளவு நீளமாக எழுத்தைப் பற்றிப் பேசும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் லட்சக்கணக்கான பணத்தைச் சீட்டுகூட இல்லாமல் வாங்கிப் பையில் போடுகிறோம். ‘நம்ம பாய்தானே’ என்கிறார்கள். பாய் என்பதால்தான் இன்னும் கவனமாக எழுத வேண்டும். ஒருவரின் பாஸ்போர்ட்டும் பணமும் நம்மிடம் வந்த கணத்திலேயே அமானிதம் ஆகிவிடுகிறது.

இன்றே தொடங்க வேண்டியவை

முதலாவது, ரசீது. யாரிடம் எவ்வளவு, எதற்காக, ரத்தானால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்பதைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது, தனிக் கணக்கு. பயணிகளின் பணம் ஒரு வங்கிக் கணக்கிலும் உங்கள் லாபம் வேறு கணக்கிலும் இருக்கட்டும். இந்த ஆண்டு ஹாஜியின் பணத்தைக் கொண்டு சென்ற ஆண்டுக் கடனை அடைப்பவர் ஒருநாள் கட்டாயம் மாட்டிக்கொள்வார்.

மூன்றாவது, சோதனைச் சீட்டு. ஒவ்வொரு பயணிக்கும் விசா எந்த வகை, எத்தனை முறை நுழையலாம், எந்த நாள் வரை தங்கலாம், பாஸ்போர்ட் எந்த நாளில் முடிகிறது, பெயர் இரண்டு கட்டங்களிலும் சரியாக உள்ளதா என்று பார்த்து ஒரு சீட்டில் எழுதி அவர் கையிலும் கொடுங்கள். பத்து நிமிட வேலை.

நான்காவது, பாஸ்போர்ட்டைப் பிணையாகப் பிடித்து வைக்காதீர்கள். 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. பாக்கிப் பணத்துக்காகப் பூட்டி வைக்க நமக்கு உரிமை இல்லை.

ஐந்தாவது, சென்னை நிறுவனத்துக்கு ஆள் சேர்த்துத் தருபவர்கள், அந்த நிறுவனத்துக்கு அந்த ஆண்டு அனுமதியும் ஒதுக்கீடும் உண்டா என்று எழுத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம்.

ஆறாவது, ஜமாஅத்தாருக்கு. ஒலிமுகமதுபேட்டை முதல் ஊரின் ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வாரம் ஒருநாள் மஃரிபுக்குப் பின் ஒரு மேசை போடுங்கள். விதி மாற்றங்களைப் படித்துத் தமிழில் அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். வெளிநாடு போகிறவர் யாராயினும், எந்தச் சமயத்தவராயினும், வந்து தாளைக் காட்டிக் கேட்டுப் போகட்டும். ஏமாற்றப்பட்டவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதவும் அங்கேயே உதவி கிடைக்கட்டும்.

அரசிடம் நாம் கேட்பது

நம் வீட்டை ஒழுங்கு செய்துகொண்டால்தான் பிறரிடம் நியாயம் கேட்கும் தகுதி வரும். அந்தத் தகுதியோடு கேட்போம்.

1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு பெருந்தீர்ப்பு அளித்தது. சத்வந்த் சிங் என்ற வணிகரிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரும்படி அதிகாரிகள் கேட்டார்கள். வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும், சட்டத்தின் துணையில்லாமல் அதிகாரி தன் விருப்பப்படி அதைப் பறிக்க முடியாது என்றது நீதிமன்றம். அதன் பிறகுதான் அதே ஆண்டு பாஸ்போர்ட் சட்டமே வந்தது. 1978-ல் மேனகா காந்தி வழக்கில், பறிக்கும் முறையும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு வணிகர் தனக்காகக் கேட்ட நியாயம் இந்த நாட்டு மக்கள் எல்லோருக்கும் உரிமையாயிற்று! கடைக்காரன் கோர்ட்டுக்குப் போய் என்ன ஆகப்போகிறது என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

நாம் கேட்பது சலுகை அல்ல. விதி மாறும்போது முன்னறிவிப்பு வேண்டும், அது தமிழிலும் வேண்டும். அறிவிப்புக்கு முன்பே பணம் கட்டியவரின் பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். ஹஜ் பணம் எந்த நாளில் யாரிடம் இருக்கிறது என்பதைப் பயணியே பார்க்கும் ஏற்பாடு வேண்டும். தடுத்து நிறுத்தப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில் வேண்டும். குற்றம் செய்தவனைத் தேடுங்கள், தாராளமாகத் தேடுங்கள், நாங்களும் துணை நிற்கிறோம். பெயரையும் தாடியையும் பார்த்து ஒருவனைச் சந்தேகப் பட்டியலில் வைக்காதீர்கள். டேவிட் ஹெட்லி என்ற பெயரே இதற்குப் போதுமான பாடம். பிறந்தபோது இருந்த தாவூத் கிலானி என்ற பெயரை 2006-ல் மாற்றிக்கொண்டு, அமெரிக்க பாஸ்போர்ட்டோடு, எந்தச் சந்தேகமும் வராமல் அவர் வந்து போனார். பெயரைப் பார்க்கும் காவல் பெயரை மாற்றியவனிடம் தோற்றுப்போகும். செயலைப் பார்க்கும் காவல்தான் நாட்டைக் காக்கும்.

சகோதரர்களே! இந்தக் கூட்டம் கலைந்ததும் டிராவல்ஸ் வைத்திருப்பவர்கள் கடைக்குப் போய் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு பாஸ்போர்ட்டும் யாருடையது, எதற்காக இருக்கிறது, என்று திரும்பப் போகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுத முடிந்தால் அல்ஹம்துலில்லாஹ். எழுத முடியாத பாஸ்போர்ட் ஒன்று இருந்தாலும், நாளை காலை கடை திறக்கும் முன் உரியவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

நம் தொழிலில் பரக்கத்தையும், நம்மை நம்பிப் புறப்படும் மக்களுக்குப் பாதுகாப்பான பயணத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.